டிரைவரின் வெளியீட்டு மின்னெதிர்ப்பும் சிப் பேக்கேஜும்

சிப்புக்குள் உருவான டிஜிட்டல் சிக்னலை வெளியே போர்டுக்குத் தள்ளிவிடும் கடைசிச் சுற்றுக்கு டிரைவர் என்று பெயர். போர்டுப் பக்கம் நின்று அந்த டிரைவரைப் பார்த்தால் தெரியும் மின்னெதிர்ப்பே அதன் வெளியீட்டு மின்னெதிர்ப்பு. பாடநூல் மின்னெதிர்ப்பு என்கிறது. சால்டரிங் மேசையில் இம்பீடன்ஸ் என்றுதான் புழக்கம். டேட்டாஷீட்டில் 25 ஓம், 40 ஓம் என்று ஒற்றை எண்ணாக இது அச்சாகியிருக்கும். அந்த எண் நேர்மின்னோட்டத்துக்குச் சரி. சிக்னல் ஒரு நானோ விநாடிக்கும் குறைவான நேரத்தில் ஏறி இறங்கத் தொடங்கினால், போர்டு பார்ப்பது சிலிக்கானை மட்டுமல்ல. சிலிக்கானையும் அதைச் சுமக்கும் பேக்கேஜையும் அதே பேக்கேஜில் குடியிருக்கும் மற்ற டிரைவர்களையும் சேர்த்துத்தான். அப்போது வெளியீட்டு மின்னெதிர்ப்பு ஓர் எண்ணாக இருப்பதில்லை. அதிர்வெண்ணோடு மாறுகிறது, பக்கத்துக் கால்களில் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தும் மாறுகிறது.

சிலிக்கானின் பங்கு

சீமாஸ் டிரைவர் என்பது அடிப்படையில் இரண்டு டிரான்சிஸ்டர்கள். மேலே உள்ளது வெளியீட்டை மின்வழங்கியோடு இணைத்து மேலே இழுக்கும். கீழே உள்ளது கிரவுண்டோடு இணைத்துக் கீழே இழுக்கும். இயங்கும் நிலையில் டிரான்சிஸ்டருக்கு இருக்கும் மின்தடைதான் டேட்டாஷீட் எண்ணின் மூலம். டிரான்சிஸ்டரின் அகலம் கூடினால் மின்தடை குறையும், டிரைவர் வலுவாகும்.

இந்த மின்தடையும் நிலையானதல்ல. வெளியீட்டு மின்னழுத்தம் கிரவுண்டுக்கு அருகில் இருக்கும்போது கீழ் டிரான்சிஸ்டர் ஒரு மின்தடையைப் போல நடந்துகொள்ளும். மின்னழுத்தம் விலகியிருக்கும்போது அது செறிவு நிலையில், கிட்டத்தட்ட மாறா மின்னோட்ட மூலமாகிவிடும். அங்கே மின்னெதிர்ப்பு பல மடங்கு. வெப்பம் ஏறினால் மின்தடை ஏறும், மின்வழங்கி தாழ்ந்தாலும் ஏறும். ஒரே வடிவமைப்பில் வந்த இரண்டு சிப்களில் ஒன்று 32 ஓமும் மற்றொன்று 50 ஓமும் காட்டினால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. அதற்கு மேல், டிரான்சிஸ்டரின் வடிகால், நிலைமின் தாக்கத்திலிருந்து காக்கும் டயோடுகள், உலோகத் திட்டு எல்லாம் சேர்ந்து சில பிக்கோஃபாரட் மின்தேக்குத்திறனைச் சிலிக்கானிலேயே வைத்துவிடுகின்றன. இந்தச் சிறு மின்தேக்கி பின்னால் முக்கியமாகும்.

ஏன் கவலைப்பட வேண்டும்: வீணைக் குதிரையும் போர்டுத் தடமும்

புதுக்கோட்டை மாவட்டம் குடுமியான்மலையில், சிகாநாதசுவாமி கோயிலை ஒட்டிய குடைவரைக்கு அருகே பாறை முகப்பில் ஓர் இசைக் கல்வெட்டு இருக்கிறது. எழுத்தமைதியை வைத்து 7ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்று பெரும்பாலும் மதிக்கப்படும் அந்தக் கிரந்தக் கல்வெட்டில், ஏழு பகுதிகளாகச் சுரங்கள் நான்கு நான்காகக் கோக்கப்பட்டுள்ளன. கடைசியில் தமிழில் ஒரு குறிப்பு: இவை எட்டுக்கும் ஏழுக்கும் பொருந்தும் என்று. நரம்புகளின் எண்ணிக்கையைச் சொல்வதாகவே அறிஞர்கள் பலர் இதைப் படிக்கிறார்கள். சுரத்தை எழுதியவர், அது எந்தக் கருவியில் ஏறும் என்பதையும் எழுதாமல் விடவில்லை. டேட்டாஷீட் எழுதுபவர்களுக்கு இந்தப் பழக்கம் எல்லா நேரமும் இருப்பதில்லை என்பதால்தான் இதை இங்கே சொல்ல நேர்கிறது.

ஒப்புமை அதோடு நிற்பதில்லை, இயற்பியலிலும் இருக்கிறது. வீணைக் கம்பியை மீட்டினால் அலை கம்பியோடு ஓடிக் குதிரையில் முட்டுகிறது. குதிரையின் இயந்திர எதிர்ப்பு என்று சொல்லத்தக்க தடுப்பு, கம்பியினுடையதைவிட மிக அதிகம். எனவே அலை ஏறத்தாழ முழுதாகத் திரும்புகிறது. கொஞ்சம் மட்டும் குடத்துக்குள் கசிகிறது. நமக்குக் கேட்பது அந்தக் கசிவு. அலை திரும்பத் திரும்ப ஓடுவதால்தான் நாதம் நீள்கிறது. டிஜிட்டல் போர்டில் இது தலைகீழ். செம்புத் தடத்தின் சிறப்பு மின்னெதிர்ப்பு பெரும்பாலும் 50 ஓம். தடத்தின் மறுமுனையில் முட்டித் திரும்பும் அலையை டிரைவர் விழுங்கிவிட வேண்டும். விழுங்க வேண்டுமானால் டிரைவரின் வெளியீட்டு மின்னெதிர்ப்பும் 50 ஓமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அலை மறுபடி போகும், வரும், போகும். ஆஸிலாஸ்கோப் திரையில் சதுர அலையின் தோளில் நடுங்கும் அந்த வளைவுகளுக்கு ரிங்கிங் என்று பெயர். வீணைக்கு உயிராக இருப்பது இங்கே நோய்.

குதிரையைத் தேய்த்தாலோ குடத்தின் பலாமரம் மாறினாலோ எல்லாச் சுரமும் ஒரே அளவு மாறுவதில்லை. சில சுரம் எடுபடும், சில மங்கும். பேக்கேஜ் செய்வதும் இதேதான்: அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் வேறுபடுத்திச் செய்கிறது.

பேக்கேஜுக்குள் என்ன இருக்கிறது

பழைய 20 கால் டிஐபி சிப் ஒன்றை, அந்தக் கறுப்புச் செவ்வகத்தை, நடுவே அரம் போட்டுத் திறந்தால் கதை விளங்கும். 25 மில்லிமீட்டர் நீளப் பிளாஸ்டிக்கில் சிலிக்கான் இருப்பது நடுவில் ஓரிரு மில்லிமீட்டர் சதுரம்தான். மீதியெல்லாம் உலோகச் சட்டம், அதாவது லீட் ஃபிரேம். நடுக்கால்களுக்குப் போகும் உலோகப் பட்டை குட்டையானது. மூலைக் கால்களுக்குப் போவது வளைந்து நெளிந்து, நடுக்காலினுடையதைப் போல இரண்டு மூன்று மடங்கு நீளமாக ஓடுகிறது. பட்டையின் முனையிலிருந்து சிலிக்கானுக்கு, தலைமுடியைவிட மெல்லிய, ஏறத்தாழ 25 மைக்ரான் தடிமனுள்ள தங்க இழை வில்லாக வளைந்து இறங்குகிறது. இப்போது செலவு கருதி அநேக இடங்களில் செம்பு இழை.

இந்தப் பாதையில் மூன்று பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது மின்தடை: 25 மைக்ரான் தங்க இழைக்கு மில்லிமீட்டருக்குச் சுமார் 0.05 ஓம். இதைப் பெரும்பாலும் மறந்துவிடலாம். இரண்டாவது மின்தேக்குத்திறன்: அடுத்த காலோடும் கீழே உள்ள தளத்தோடும் சேர்த்து அரை பிக்கோஃபாரட் முதல் ஓரிரு பிக்கோஃபாரட் வரை. மூன்றாவதுதான் விஷயமே: மின்தூண்டல். இழைக்கு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 1 நானோஹென்றி என்பது மனத்தில் வைத்துக்கொள்ளத் தக்க கணக்கு. 14 கால் பிளாஸ்டிக் டிஐபியில் ஒரு காலுக்குச் சுமார் 8 நானோஹென்றி. 68 கால் டிஐபியில் 35 வரை. அதே 68 காலை நான்கு பக்கமும் பரப்பிய பிஎல்சிசி பேக்கேஜில் 7. கால்களே வெளியே நீட்டாத கியூஎஃப்என்னில் இழையின் நீளம் மட்டுமே மிச்சம், ஒன்றை ஒட்டிய அளவு. சிலிக்கானைக் குப்புறக் கவிழ்த்துச் சிறு சால்டர் பந்துகளால் ஒட்டும் ஃபிளிப்-சிப் முறையில் ஒரு பந்துக்கு 0.1 நானோஹென்றி. ஐபிஎம் 1960களிலேயே தன் பெருங்கணினிகளுக்குக் கையாண்ட முறைதான் இது. சாதாரணச் சிப்களுக்கு வந்துசேரப் பல ஆண்டுகள் ஆயின.

ஒரு கணக்கு

40 ஓம் டிரைவர் ஒன்று. சிலிக்கானில் 3 பிக்கோஃபாரட். பேக்கேஜில் 2 நானோஹென்றி. வெளியே 50 ஓம் தடம். டேட்டாஷீட்டை நம்பினால், திரும்பி வரும் அலையில் 11 விழுக்காடு மட்டுமே மீண்டும் எதிரொலிக்க வேண்டும். 40க்கும் 50க்கும் உள்ள வேறுபாட்டை, அவற்றின் கூட்டுத்தொகையான 90ஆல் வகுத்தால் வருவது.

500 மெகாஹெர்ட்ஸில் கணக்கிட்டால் டிரைவர் 36 ஓமாகத் தெரிகிறது. எதிரொலிப்பு 19 விழுக்காடு. பெரிய குற்றம் இல்லை. 2.5 கிகாஹெர்ட்ஸுக்கு வந்தால் படம் மாறிவிடுகிறது. அங்கே 3 பிக்கோஃபாரட்டின் மறுப்பு, அதாவது ரியாக்டன்ஸ், 21 ஓம்தான். அது 40 ஓம் மின்தடைக்கு இணையாக நின்று அதை முழுங்கிவிடுகிறது. தொடரில் நிற்கும் 2 நானோஹென்றிக்கு 31 ஓம். எல்லாம் கூட்டிக் கழித்தால் மிஞ்சுவது 17 ஓம். அதிலும் உண்மையான தடைப்பகுதி 9 ஓம்தான். மீதி மறுப்பு, ஆற்றலை விழுங்காதது. எதிரொலிப்பு 72 விழுக்காடு.

அதே சிலிக்கானை 10 நானோஹென்றி உள்ள டிஐபியில் போட்டால் 2.5 கிகாஹெர்ட்ஸில் 140 ஓம்; எதிரொலிப்பு 96 விழுக்காடு. ஏறத்தாழச் சுவரில் அடித்த பந்து.

இனி எதிர்த்திசையில்: அதை ஃபிளிப்-சிப்பாக்கி 0.1 நானோஹென்றிக்கு இறக்கினால்? எதிரொலிப்பு அப்போதும் 72 விழுக்காடுதான். பேக்கேஜை மாற்றியும் பயனில்லாமல் போனதற்குக் காரணம் சிலிக்கானில் உள்ள அந்த 3 பிக்கோஃபாரட். பேக்கேஜைக் குறைசொல்வது பொறியாளர்களிடையே எளிதான வழக்கமாகிவிட்டது. 2 நானோஹென்றிக்குக் கீழே போன பிறகு குற்றவாளி பெரும்பாலும் சிலிக்கான் மின்தேக்கிதான். அதி வேகத் தொடர் இணைப்புகளில் வடிவமைப்பாளர்கள் டி-காயில் என்ற சிறு சுருள்களைச் சிலிக்கானிலேயே வரைந்து இந்த மின்தேக்கியை மறைக்கப் பாடுபடுவது இதனால்தான்.

இதே கணக்கில் இன்னொரு விடையும் இருக்கிறது. டிரைவரை 10 ஓமாக வலுவாக்கி, பேக்கேஜுக்கு வெளியே கால் ஓரத்தில் 40 ஓம் மின்தடை ஒன்றைத் தொடரில் வைத்தால், அதே 2 நானோஹென்றியோடு 2.5 கிகாஹெர்ட்ஸில் எதிரொலிப்பு 27 விழுக்காட்டுக்கு இறங்குகிறது. டிரைவர் பெரிதானதால் மின்தேக்குத்திறன் 6 பிக்கோஃபாரட் ஆனாலும் 27தான். சிலிக்கானுக்குள் இருக்கும் மின்தடையைப் பக்கத்து மின்தேக்கி குறுக்குவழி போட்டு விழுங்க முடியும். வெளியே இருக்கும் மின்தடையை விழுங்க முடியாது. போர்டில் சிப்பின் கால்களை ஒட்டி 33 ஓம் மின்தடைகள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சிப்புக்குள்ளேயே 50 ஓம் டிரைவர் போட்டால் அந்த மின்தடைக் காசு மிச்சமே என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

வேகம் என்றால் கடிகாரம் அல்ல

மேற்கண்ட 2.5 கிகாஹெர்ட்ஸ் எங்கிருந்து வந்தது? சிக்னலின் ஏறும் நேரத்திலிருந்து. 0.5ஐ ஏறும் நேரத்தால் வகுத்தால், அந்தச் சிக்னலின் ஆற்றல் குறிப்பிடத்தக்க அளவில் எந்த அதிர்வெண் வரை பரவியிருக்கிறது என்று தோராயமாகத் தெரியும். 1 நானோ விநாடி ஏற்றத்துக்கு 500 மெகாஹெர்ட்ஸ், 0.2 நானோ விநாடிக்கு 2.5 கிகாஹெர்ட்ஸ். விநாடிக்கு எத்தனை முறை ஏறுகிறது என்பது இந்தக் கணக்கில் எங்குமே இல்லை.

குடுமியான்மலைப் பக்கத்து வயல்களைப் போல ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் ஊர்களில், வீட்டிலிருந்தே செல்போனில் அழைத்து மோட்டாரைப் போடும் ஸ்டார்ட்டர் பெட்டிகள் இப்போது பரவிவிட்டன. அதற்குள் இருக்கும் நுண்கட்டுப்படுத்தி ரிலேவுக்குச் சொல்லும் செய்தி நாளுக்கு நாலைந்து முறைதான். ஆனால் அந்தச் செய்தியை ஏந்தும் சிக்னல் விளிம்பு இன்றைய சிலிக்கானில் ஓரிரு நானோ விநாடியில் ஏறிவிடும். பெட்டியைத் தயாரிப்பவர் பழைய சிப்புக்குப் பதில் அதே எண்ணுள்ள புதிய தலைமுறைச் சிப்பை வாங்கிப் போட்டார் என்றால், கடிகார வேகம் கொஞ்சமும் மாறாமலேயே கம்பியில் ரிங்கிங் புகுந்துவிடலாம். சிலிக்கான் சுருங்கியது, விளிம்பு கூர்மையானது, பேக்கேஜ் மட்டும் அப்படியே இருந்தது. வேகச் சுற்று எங்களுக்கு எதற்கு என்று சொல்பவர்களிடமும் வேகம் சொல்லாமல் வந்து சேர்ந்துவிடுகிறது.

இதில் வலுவான டிரைவர்தான் அதிகம் ஆடும் என்பது முதன்முறை கேட்பவர்களுக்கு முரணாகத் தோன்றும். 10 நானோஹென்றிக் காலும் 10 பிக்கோஃபாரட் சுமையும் சேர்ந்தால் 500 மெகாஹெர்ட்ஸ் அளவில் ஒத்திசைவு உண்டாகிறது. அந்த ஆட்டத்தை அடக்க இருப்பது டிரைவரின் மின்தடை மட்டுமே. இந்த எடுத்துக்காட்டில் 63 ஓமுக்குக் கீழே போனால் ஆட்டம் தொடங்கும். 10 ஓம் டிரைவர் பல சுற்று ஆடிவிட்டே ஓயும்.

பொதுக் கிணறு: கிரவுண்டுக் காலைப் பகிர்வதால் வரும் வினை

இதுவரை டிரைவர் தனியாள் என்று வைத்துக்கொண்டோம். உண்மையில் எட்டு டிரைவர்களுக்கு ஒரே கிரவுண்டுக் கால் என்பது பல பத்தாண்டுகளின் வழக்கம். 74 வரிசைச் சிப்களில் 14 கால் பேக்கேஜில் 7ஆம் காலும் 14ஆம் காலும், 20 கால் பேக்கேஜில் 10ஆம் காலும் 20ஆம் காலும் கிரவுண்டும் மின்வழங்கியும். எதிரெதிர் மூலைகள். போர்டில் தடம் போட வசதியான அமைப்பு. மின்தூண்டல் கணக்கில் இதைவிட மோசமான இடம் இல்லை, ஏனென்றால் லீட் ஃபிரேமில் மிக நீண்ட பட்டை மூலைக்குத்தான் போகிறது.

எட்டு வெளியீடுகளும் ஒரே கணத்தில் கீழே இறங்குவதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் 1 நானோ விநாடியில் 20 மில்லியாம்பியர் மாறினால், கிரவுண்டுக் காலில் நானோ விநாடிக்கு 0.16 ஆம்பியர் மாற்றம். 5 நானோஹென்றிக் காலில் இது எழுப்பும் மின்னழுத்தம் 0.8 வோல்ட். சிப்புக்குள் கிரவுண்டு என்று நம்பப்படும் புள்ளி 0.8 வோல்ட் துள்ளிவிட்டது. இதற்கு கிரவுண்டு பவுன்ஸ் என்று பெயர். அசையாமல் தாழ்நிலையில் இருந்த ஒன்பதாவது வெளியீடு ஒன்று இருந்தால் அதுவும் கூடவே துள்ளும். அடுத்த சிப் அதைப் புதிய துடிப்பாக எண்ணிக்கொள்ளும்.

வெளியீட்டு மின்னெதிர்ப்பின் மொழியில் இதைத் திருப்பிச் சொன்னால் புதிதாக ஒன்று புலப்படும். தனியாக இறங்கும் டிரைவருக்கு அந்தக் கால் 5 நானோஹென்றி. எட்டும் சேர்ந்து இறங்கும்போது ஒவ்வொரு டிரைவரும் உணர்வது 40 நானோஹென்றி, ஏனென்றால் தன் மின்னோட்டத்தின் எட்டு மடங்கு அந்தக் காலில் ஓடுகிறது. அதாவது ஒரு காலின் வெளியீட்டு மின்னெதிர்ப்பு, மற்ற ஏழு கால்களில் அப்போது என்ன தரவு போகிறது என்பதைப் பொறுத்தது. ஊர்ப் பொதுக் கிணற்றில் ஒரே நேரத்தில் எட்டு மோட்டார் போட்டால் யார் குழாயிலும் வேகம் இருக்காது. தனியாகப் போட்டுப் பார்த்தவர் மோட்டார் நன்றாகத்தான் இழுக்கிறது என்று சாதிப்பார். பொறியாளர்கள் ஒற்றைக் காலை மட்டும் இயக்கி அளந்துவிட்டு நிம்மதியடைவது இதே ரகம்.

இன்னொரு சுழலும் உண்டு. கிரவுண்டு மேலே துள்ளும்போது கீழ் டிரான்சிஸ்டரின் மூலமுனை உயர்கிறது; அதன் கதவு மின்னழுத்தம் கூடவே உயராவிட்டால், டிரான்சிஸ்டரைத் திறந்துவைக்கும் வித்தியாசம் சுருங்குகிறது; அதன் மின்தடை கூடுகிறது; விளிம்பு மந்தமாகிறது. பேக்கேஜ் வெளியே தொடரில் நிற்பதோடு அமையாமல் சிலிக்கானின் மின்தடையையே மாற்றிவிடுகிறது. சிலிக்கானின் பங்கு இது, பேக்கேஜின் பங்கு இது என்று கோடு கிழித்துப் பிரிக்க முடியாத இடம் இதுவே.

1980களின் நடுவில் 74ஏசி போன்ற வேகமான சீமாஸ் லாஜிக் குடும்பங்கள் வந்தபோது இந்தச் சிக்கல் சந்தையிலேயே வெடித்தது. பழைய டிடிஎல் சிப்பைப் பிடுங்கிவிட்டு அதே குழியில் செருகலாம் என்பதற்காக ஃபேர்சைல்ட் மூலைக் கால்களையே வைத்துக்கொண்டது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 11000 என்ற எண் வரிசையில், கிரவுண்டையும் மின்வழங்கியையும் நடுக்கால்களுக்கு மாற்றி, ஒன்றுக்கு மேற்பட்ட கால்களையும் கொடுத்தது. மின்தூண்டலில் இரண்டாவதுதான் சரி. ஆனால் இருக்கும் போர்டுகளையெல்லாம் யார் மாற்றி வரைவது? மூலைக் கால்கள் பிழைத்தன. இன்றும் கல்லூரி ஆய்வகப் பெட்டிகளில் இருப்பவை அவையே. சிக்கலைக் கடைசியில் தணித்தது விளிம்பை வேண்டுமென்றே மழுக்கிய அடுத்த தலைமுறை டிரைவர்களும், டிஐபியை ஓரங்கட்டிய சிறிய பேக்கேஜ்களும்தான்.

பேக்கேஜே ஒரு தடமாகும்போது

நூற்றுக்கணக்கான கால்களுள்ள பிஜிஏ பேக்கேஜ்களில் சிலிக்கானுக்கும் சால்டர் பந்துக்கும் இடையே ஒரு குட்டிப் போர்டு இருக்கிறது. அதில் 10, 15 மில்லிமீட்டர் தடங்கள் ஓடுகின்றன. 0.2 நானோ விநாடி ஏற்றத்தை, மில்லிமீட்டருக்கு 6.7 பிக்கோ விநாடி தாமதமுள்ள கரிமப் பொருளில் நீட்டி வைத்தால் 30 மில்லிமீட்டர். அதில் ஆறில் ஒரு பங்குக்கு மேற்பட்ட தடத்தை ஒற்றை மின்தூண்டலாக எண்ணக் கூடாது என்பது கைவிதி. எனவே 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் பேக்கேஜ் தடம் தனக்கென்று சிறப்பு மின்னெதிர்ப்புள்ள பாதையாகிவிடும். அதை 50 ஓமுக்கு வரைய முடிந்தால் டிரைவர் பேக்கேஜை மறந்துவிடலாம்.

விண்வெளிக்குப் போகும் சிப்களுக்குப் பெரும்பாலும் காற்றுப்புகா பீங்கான் பேக்கேஜ். அலுமினாவின் மின்காப்பு மாறிலி 9 முதல் 10. பிளாஸ்டிக் வார்ப்பினுடையது 4ஐ ஒட்டியது. அதனால் பீங்கானில் அலை மில்லிமீட்டருக்குப் பத்து பிக்கோ விநாடியைத் தாண்டுகிறது, மின்தேக்குத்திறனும் கூடுகிறது. பீங்கானை 1600 டிகிரிக்கு அருகில் சுட வேண்டியிருப்பதால், 1085 டிகிரியில் உருகும் செம்பை உள்ளே வைத்துச் சுட முடியாது; டங்ஸ்டன் தடங்களைத்தான் போட வேண்டும். அதன் மின்தடை எண் செம்பைப் போல மூன்று மடங்குக்கும் மேல். மற்ற பேக்கேஜ்களில் மறக்கத்தக்க தொடர் மின்தடை இங்கே கணக்கில் ஏறும். மின்வழங்கித் தடங்களுக்கு அது கெடுதல். சிக்னல் தடங்களில் சிறிதளவு ரிங்கிங்கை அடக்கவும் செய்யும்.

கைக்கொள்ளும் வழிகள்

கிரவுண்டுக் கால்களைச் சிக்னல் கால்களுக்கு இடையிடையே தூவுவதே பழைய, இன்றும் மிகப் பயனுள்ள வழி. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் அருகருகே ஓடினால் ஒன்றின் காந்தப்புலத்தை மற்றது அழிக்கிறது. மொத்த மின்தூண்டல் இறங்குகிறது. இரட்டைக் கம்பியில் எதிரெதிராக அனுப்பும் எல்விடிஎஸ் முறையில் கிரவுண்டுக் காலில் ஏறக்குறைய மாற்றமே இல்லை, 3.5 மில்லியாம்பியர் ஒரு கம்பியில் போய் மறு கம்பியில் திரும்பி 100 ஓமில் 350 மில்லிவோல்ட் எழுப்புகிறது, அவ்வளவே. சிலிக்கானிலேயே மின்வழங்கிக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மின்தேக்கிகளைப் பரப்பி வைத்தால், விளிம்பு கேட்கும் மின்சாரத்தைக் கால் வழியே வரவழைக்காமல் உள்ளிருந்தே கொடுக்கலாம்.

நினைவகங்கள் அளவுத்திருத்தம் என்ற வேறு வழியைப் பிடித்தன. டிடிஆர்3 சிப் ஒவ்வொன்றிலும் இசட்கியூ என்ற ஒரு கால் உண்டு. அதிலிருந்து கிரவுண்டுக்கு 1 விழுக்காடு துல்லியமுள்ள 240 ஓம் மின்தடையைப் போர்டில் வைக்க வேண்டும். சிப் தன் டிரான்சிஸ்டர்களை அதனோடு ஒப்பிட்டு, 240இல் ஏழில் ஒரு பங்கான 34 ஓமுக்கோ ஆறில் ஒரு பங்கான 40 ஓமுக்கோ தன்னைச் சரிசெய்துகொள்கிறது. வெப்பமும் மின்வழங்கியும் மாறும்போது மறுபடி செய்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் இது நேர்மின்னோட்ட ஒப்பீடு. மின்தூண்டலும் மின்தேக்குத்திறனும் இதன் கண்ணில் படுவதே இல்லை. அளவுத்திருத்தம் முடிந்தது, 34 ஓம் உறுதி என்று சொல்லும் சிப்பின் காலில் வேக விளிம்பு வேறு எண்ணைத்தான் காணும்.

மாதிரியும் அளவீடும்

டிரைவரின் உள்சுற்றை வெளியிடாமல் அதன் நடத்தையை மட்டும் வாடிக்கையாளருக்குக் கொடுக்க 1993இல் இன்டெல் முன்னின்று தொடங்கிய ஐபிஸ் கோப்பு முறை, இந்தக் கட்டுரையின் பிரிவினையை அப்படியே பின்பற்றுகிறது. மேல் இழுப்பு, கீழ் இழுப்பு டிரான்சிஸ்டர்களின் மின்னழுத்த-மின்னோட்ட அட்டவணைகள் தனி. சிலிக்கான் மின்தேக்குத்திறன் தனி. பேக்கேஜின் மின்தடை, மின்தூண்டல், மின்தேக்குத்திறன் மூன்றும் தனி. பேக்கேஜுக்குப் பொதுவாக ஒரே சராசரி எண் தரவும் இடம் உண்டு, காலுக்குக் கால் தனி எண் தரவும் இடம் உண்டு. மூலைக் காலுக்கும் நடுக்காலுக்கும் மடங்குக் கணக்கில் வேறுபாடு உள்ள பேக்கேஜில் சராசரியை வைத்து உருவகப்படுத்துவது வீண் வேலை. கோப்பைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது காலுக்குக் கால் எண் நிரப்பப்பட்டிருக்கிறதா என்பதைத்தான்.

மேசையில் அளக்க எளிய முறை: வெளியீட்டைச் சுமையில்லாமல் ஒரு முறை, 50 ஓம் சுமையோடு ஒரு முறை பார்த்து, மின்னழுத்தம் எவ்வளவு சரிந்தது என்பதிலிருந்து மின்தடையைக் கணிப்பது. இது நேர்மின்னோட்ட விடையையே தரும். விளிம்பில் என்ன நடக்கிறது என்று அறிய டைம் டொமைன் ரிஃப்ளெக்டோமீட்டராலோ நெட்வொர்க் அனலைசராலோ காலுக்குள் அலை அனுப்பித் திரும்புவதைப் பார்க்க வேண்டும். ஆஸிலாஸ்கோப்பில் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: புரோபின் பக்கத்தில் தொங்கும் முதலை வாய்க் கிளிப்போடு கூடிய 10 சென்டிமீட்டர் கிரவுண்டுக் கம்பியே 100 நானோஹென்றி. திரையில் தெரியும் ரிங்கிங்கில் பாதி அந்தக் கம்பியுடையது. கம்பியைக் கழற்றிவிட்டு, புரோப் முனையைச் சுற்றிச் சிறு ஸ்பிரிங்கைப் போட்டு அருகிலுள்ள கிரவுண்டைத் தொட்டுப் பார்த்தால், பழுதென்று கழித்துவைத்த சிப்கள் பல பிழைத்துக்கொள்ளும்.

இந்தியாவில்

சிப் வடிவமைப்பு சென்னையிலும் பெங்களூரிலும் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. பேக்கேஜிங் பெரும்பாலும் மலேசியா, தைவான் போன்ற இடங்களில். விதிவிலக்காக, செங்கல்பட்டு மாவட்டம் மறைமலைநகரில் ஸ்பெல் செமிகண்டக்டர் 1980களில் ஸ்பிக் குழுமத்தின் முயற்சியாகத் தொடங்கி, இந்தியாவின் முதல் சிப் பொருத்தல், சோதனை ஆலையாக இயங்கியது. மொகாலியில் உள்ள செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ், 1989 தீ விபத்துக்குப் பின் மீண்டு, இன்று 180 நானோமீட்டர் முறையில் விண்வெளிக்கும் பாதுகாப்புக்குமான சிப்களைச் செய்கிறது. 2023 முதல் குஜராத்தின் சானந்திலும் அசாமின் ஜாகிரோடிலும் எழத் தொடங்கிய பேக்கேஜிங் ஆலைகள் இந்த வரைபடத்தை மாற்றத் தொடங்கியிருக்கின்றன.

சென்னை ஐஐடியின் சக்தி செயலிகளில் இந்தப் பயணம் துலக்கமாகத் தெரிகிறது. 2018இல் வெளிவந்த ரைஸ்கிரீக் சிப் அமெரிக்காவின் ஓரிகனில் இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டரில் உருவானது. 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட ஐரிஸ் சிப், இஸ்ரோவின் திருவனந்தபுரம் நிலைம அமைப்புகள் பிரிவின் தேவைக்காகச் சென்னை ஐஐடி வடிவமைத்தது. சிலிக்கான் மொகாலியில், பேக்கேஜிங் கர்நாடகத்தில் டாடா அட்வான்ஸ்டு சிஸ்டம்ஸில், தாய்ப்பலகை குஜராத்தில் பிசிபி பவரில், பொருத்தியது சென்னையில் சிர்மா எஸ்ஜிஎஸ். டிரைவரின் டிரான்சிஸ்டர் அகலம் ஓரிடத்திலும், இழையின் நீளம் இன்னோரிடத்திலும், தடத்தின் 50 ஓம் மூன்றாவது இடத்திலும் முடிவாகும் சங்கிலி இது. ஒரே காலின் வெளியீட்டு மின்னெதிர்ப்பை இம்மூன்றும் சேர்ந்தே தீர்மானிப்பதால், வடிவமைப்பின் முதல் வாரத்திலேயே பேக்கேஜின் மின்தூண்டல் எண்களை மூன்று இடத்தாரும் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பேக்கேஜ் வந்திறங்கிய பிறகு போர்டுக்காரர் கையில் மிஞ்சுவது, காலோரத்தில் வைக்கும் அந்த 33 ஓம் மின்தடையின் மதிப்பை மாற்றிப் பார்ப்பது மட்டும்தான்.